காலி நாற்காலியிடம் பேசியவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தின் கடைசி வாரம். திருக்காட்டுப்பள்ளி பக்கம் சம்பா அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அறுவடை வண்டிகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். கிளை அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைத்தெருவின் கோடியில், ஒரு உரக்கடைக்கு மாடியில், ஒற்றை அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, சுற்றும்போதெல்லாம் கடகடக்கும் ஒரு ஃபேன், ஒரு போன். மேனேஜர், கிளார்க், பியூன், பெருக்குகிறவள் எல்லாமே நான் ஒருத்திதான்.

முதலாளி தஞ்சாவூரில். வண்டிகள் வயல்களில். டிரைவர்கள் ஆத்தூர் பக்கத்திலிருந்து அறுப்புக்காக வந்து, இரண்டு மாதம் வண்டியிலேயே படுத்துக் கிடப்பவர்கள். அதனால் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை எனக்கு மனிதர்கள் என்றால் போனில் வருகிற குரல்கள்தான். அந்தக் குரல்களும் எந்த ஊர், எத்தனை மா, எப்போது அறுக்கலாம் என்று மூன்று விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடும். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். எங்கள் பக்கம் யாரும் ஏக்கரில் பேச மாட்டார்கள்.

வீட்டுக்குப் போனாலும் கதை அதுதான். கணவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். மகள் சென்னையில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஒரு ஆளுக்கு ஆழாக்கு அரிசி போட்டால் போதும். வீட்டில் எனக்கு முன்னால் வாய் திறப்பது குக்கர் மட்டும்தான். தனிமை என்று அழுது புலம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் சில நாள் சாயங்காலம் காய்கறிக் கடையில், வேண்டுமென்றே இரண்டு தடவை விலை கேட்பேன். யாரோடாவது நாலு வார்த்தை கூடப் பேசலாமே என்றுதான்.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். அறுப்புக் காலத்தில் அது காலையில் அலறத் தொடங்கினால் ஓயாது. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் முறை நோட்டைப் புரட்டி, மறு கையால் எழுத வேண்டும். யார் முதலில் சொன்னார்களோ அவர்களுக்கு முதலில் வண்டி. அந்த வரிசையை எழுதுகிற நோட்டைத்தான் முறை நோட்டு என்போம். அதில் பெயர் இருந்தால் வண்டி வரும். இல்லாவிட்டால் முதலாளியின் மைத்துனரே கேட்டாலும் வராது. வரிசை மாறினால் வயலில் கைகலப்பு ஆகிவிடும் என்பதால் இதில் மட்டும் முதலாளி கறாராக இருப்பார். அந்த வருடம் இப்படி இடுக்கி இடுக்கியே என் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. தலையைச் சாய்த்தபடியே பத்து நாள் நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் நான் அவர்களைச் சந்தேகமாகப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலாளியிடம் முறையிட்டதில், திருச்சியிலிருந்து ஒருவர் புது போன் கொண்டுவந்து வைத்தார். சின்னத் திரை, வரிசையாக பட்டன்கள். அதில் ‘ஆட்டோ ஆன்சர்’ என்று ஒரு வசதி. ஒரு மணி அடிக்கும், பீப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன் தானே எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரைத் திறந்துவிடும். நாம் கையால் தொடவே வேண்டாம். அந்தப் பக்கம் பேசுகிறவர் வைத்ததும் தானே மூடிக்கொள்ளும். வந்தவர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

“மேடம், சீட்ட விட்டு எந்திரிச்சா இந்த பட்டன அமுக்கி ஆஃப் பண்ணிடுங்க. இல்லன்னா நீங்க இல்லாதப்பவும் இது பாட்டுக்கு எடுத்துடும்.”

சரி என்று தலையாட்டினேன். வலிக்காத பக்கமாக.

முதல் இரண்டு நாள் ராஜபோகம். இரண்டு கையும் சும்மா இருக்க, நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே பேசினேன். மதியம் ஒரு மணிக்கு பட்டனை அமுக்கிவிட்டு, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு, ஸ்கூட்டியில் வீட்டுக்குச் சாப்பிடப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவேன். அந்த ஒரு மணி நேரத்தில் வந்த கால்கள் திரையில் ‘மிஸ்டு கால்’ என்று நிற்கும். அந்தக் கணக்கு தஞ்சாவூரில் முதலாளியின் கம்ப்யூட்டரிலும் தெரியும் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. “என்னம்மா, மதியம் ஏழு கால் எடுக்காம போயிருக்கே” என்று கேட்டார். பிறகு நான் எப்போது சாப்பிடுவதாம்?

மறுநாள் அவசரத்தில் பட்டனை அமுக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மிஸ்டு கால் ஒன்றுகூட இல்லை. ஆள் இல்லாத அறையில் போன் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறது. சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு, “பரவால்லையே, இன்னைக்கு ஒண்ணுகூடத் தவறல” என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது குறுவை நடவுக்கு முன்னால் ஆற்றில் தண்ணீர் வருகிற மாதிரி, எப்போதாவதுதான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகும் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அமுக்காமலே போனேன். யாராவது கூப்பிட்டால் நாலு தடவை ஹலோ சொல்லிப் பார்ப்பார்கள், ஆள் இல்லை என்று வைத்துவிட்டு இரண்டு மணிக்கு மறுபடி கூப்பிடுவார்கள், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. ஓரிருவர் மட்டும், “மதியம் எப்ப போட்டாலும் பிஸி பிஸின்னே வருதே” என்று குறைப்பட்டார்கள். ஆள் இல்லாத அறையில் போன் எப்படி பிஸியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். லைனில் ஏதோ கோளாறு என்று சொல்லி முடித்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. குவைத்தில் அன்று லீவு என்பதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணவர் வீடியோ காலில் வருவார். வாரத்தில் எனக்கு அந்த இருபது நிமிடம்தான் பண்டிகை. அன்று பார்த்து செல்போனை அலுவலக மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டு வாசலில்தான் ஞாபகம் வந்தது. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்து, மாடி ஏறி, பூட்டில் சாவியைப் போட்டபோது உள்ளே ஒரு ஆணின் குரல் கேட்டது.

சாவியைத் திருப்பாமல் நின்றேன். நான் பூட்டிவிட்டுப் போன அறை. உள்ளே யார்? கீழே போய் உரக்கடைக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்தக் குரலில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து வீட்டு மனிதர்களோடு பேசுகிற குரல். மெதுவாகக் கதவைத் திறந்தேன். அறையில் ஒருவரும் இல்லை. வழக்கம்போல் நிறுத்தாமல் விட்டுப்போன ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் போனின் பச்சை விளக்கு எரிந்தது. அது என் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

“...நேத்து சொன்னத மனசுல வெச்சுக்காதீங்கம்மா. அத நான் பெத்த புள்ளைங்ககிட்டகூட சொன்னதில்ல. என்னமோ உங்ககிட்ட சொல்லணும்னு வந்துருச்சு. சொன்ன பெறகு நல்லாத் தூங்குனேன். அவ போயி அஞ்சு மாசத்துல நேத்துதான் அப்புடித் தூங்குனேன். சரி, உங்க வேல கெடும். மழை வரும்ங்கிறான், அதான் கொஞ்சம் பயமா இருக்கு. கதிரு முத்தித் தலை கவுந்துருச்சு. வண்டி எப்ப வந்தாலும் நான் வயல்லதான் கெடப்பேன். வெச்சுடட்டுங்களா?”

பாய்ந்து போய் ரிசீவரை எடுத்தேன். “ஐயா, ஐயா, வெச்சுடாதீங்க!”

அந்தப் பக்கம் அவர் சிரித்தார்.

“அட! இன்னைக்குப் பேசிட்டீங்களே!”

எத்தனை நாளாகப் பேசுகிறார் இவர்? நேரடியாகக் கேட்க வாய் வரவில்லை. “உங்க பேரு, ஊரு ஒருதரம் சொல்லுங்கய்யா, நோட்டுல சரிபார்த்துக்குறேன்” என்றேன். அதுவும் பொய்தான். அவர் சந்தேகமே படாமல் சொன்னார். ஒன்பது மா, உள்வயல், பக்கத்து வயலைத் தாண்டித்தான் வண்டி இறங்க வேண்டும் என்பதுவரை சொன்னார். “அதான் மொத நாளே எழுதிட்டீங்களேம்மா” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் வைத்ததும் முறை நோட்டைப் புரட்டினேன். அவர் பெயர் எங்கும் இல்லை. அவர் ஊருக்கு எங்கள் வண்டி போய், பெயர் கொடுத்த எல்லோருக்கும் அறுத்துவிட்டு, ஐந்து நாள் முன்பே கிளம்பிவிட்டது. போனில் பழைய கால்களைத் தேடிப் பார்த்தேன். அதே நம்பர். ஒன்பது நாளாக, தினமும் மதியம் ஒன்றேகால் ஒன்றரைக்குள். முதல் நாள் இரண்டு நிமிடம். மறுநாள் மூன்று. அப்புறம் ஆறு, ஒன்பது, பதினொன்று என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. நேற்று இருபத்திரண்டு நிமிடம்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கணவரின் கால் வந்து, அடித்து அடித்து நின்றது. எடுக்கத் தோன்றவில்லை.

அழுது பிரயோஜனம் இல்லை. வானம் தெற்கே மூடிக்கொண்டு வந்தது. வங்கக்கடலில் ஏதோ உருவாகியிருப்பதாக இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முற்றிய கதிர் மேல் மழை விழுந்தால் சாய்ந்துவிடும். சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்தால் மூன்றாம் நாள் முளைவிடும். ஒரு வருடச் சாப்பாடு போய்விடும். பெல்ட் வண்டி ஓட்டுகிற டிரைவரைக் கூப்பிட்டேன். பெல்ட் வண்டி ஈர வயலிலும் இறங்கும். பத்து கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் அறுத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, முறைய மாத்துனா இங்க என்னய உரிச்சுப்புடுவாங்க” என்றார். என் தப்பு என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். கையில் இருக்கிற வயலை முடித்ததும், அடுத்தவரிடம் தானே பேசி ஒரு மூன்று மணி நேரம் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஊரில் அவருக்கும் ஒன்றரை ஏக்கர் இருக்கிறதாம். “ஆனா அந்த உள்வயலுக்கு வழி ஏது? முன்வயல்ல உளுந்து மொளச்சிருக்குமே” என்றார்.

அது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்கு நாலைந்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு வயலில் மிச்சம் இருக்கிற ஈரத்திலேயே அது முளைத்து வந்துவிடும். அதனால் முன்வயலை அறுக்கும்போதே வண்டி அப்படியே உள்வயலுக்குப் போய்விட வேண்டும். தள்ளிப்போனால், அப்புறம் அடுத்தவருடைய உளுந்தை நசுக்கிக்கொண்டுதான் போக முடியும். அதற்கு யார் சம்மதிப்பார்கள்?

போனில் கேட்கிற விஷயம் இல்லை இது. பட்டனை அமுக்கி ஆஃப் செய்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு குடமுருட்டி ஆற்றங்கரை ரோட்டில் ஸ்கூட்டியை விட்டேன். சாப்பிடவும் இல்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். லைன் கோளாறு என்று சொல்லலாம். நோட்டில் பக்கம் மாறிவிட்டது என்று சொல்லலாம். நல்ல நல்ல பொய்யாக நாலைந்து தயார் செய்தேன்.

போனில் பேசிய பெரியவர் வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். முழங்காலில் துணி சுற்றியிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

“நீங்களாம்மா? இவ்வளவு தூரம் நீங்களே வரணுமா? ஒரு போன் போட்டிருந்தா போதுமே” என்றார். அவர் காட்டிய மரியாதையில் எனக்குக் கூசியது.

காலையில் எல்லாம் எங்கள் லைன் கிடைக்காதாம். மதியம் ஒன்றேகாலுக்கு அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் பதில் பேசாததை அவர் தப்பாகவே நினைக்கவில்லை. “எந்த ஆபீசுல நிமிந்து பாத்துப் பேசுறாங்க? தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டேதான் கேப்பாங்க. நீங்களும் எழுதுறீங்கன்னு நெனச்சேன். ஃபேன் சத்தம் கேக்கும். ஆள் இருக்குறது தெரியும்ல?” என்றார். மற்றவர்கள் எல்லாம் பொறுமை இல்லாமல் பாதியில் வெட்டிவிடுவார்களாம், நான் ஒருத்திதான் முழுதாகக் கேட்டேனாம்.

அதற்குள் முன்வயல்கார அம்மாள் வந்துவிட்டார். ஐம்பது வயது, தலையில் துண்டு, இடுப்பில் கை. உளுந்து இரண்டு இலை விட்டுப் பச்சைப்பசேல் என்று அவர் வயல் முழுதும் நின்றது. நான் வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த அம்மாள் என்னைவிட்டு நேராகப் பெரியவரிடம் திரும்பினார்.

“அன்னைக்கே எங்க வயல அறுத்துட்டு வண்டி இந்த வரப்புலதான் நின்னுச்சு. உள்வயலுக்கு லிஸ்ட்ல பேரு இல்லையேன்னு டிரைவரு கேட்டாரு. நான் ஓடியாந்து உங்ககிட்ட சொன்னனா இல்லையா? எழுதியாச்சு, முறை வந்தா தானா வரும்னு உக்காந்துட்டீங்க.” பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். ஆனால் பெரியவருக்குக் கேட்காத அளவு தாழ்த்தவில்லை. “இவரு வீட்டுக்கார அக்கா தவறிப்போனதுலேருந்து இவருக்கு ஞாபகமே சரியில்லீங்க. அடுப்புல பால வெச்சுட்டு மறந்துடுறாரு. போன் பண்ணுனேன் பண்ணுனேங்கிறாரு, பண்ணியிருக்கவே மாட்டாரு.”

பெரியவர் மறுக்கவில்லை. குனிந்து தன் பட்டன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பண்ணுனேனேம்மா... பண்ணுனேன்தானே?”

அந்தக் கேள்வியை என்னால் மறக்கவே முடியாது. நான் தயார் செய்து வந்த பொய்களில் எதைச் சொன்னாலும் வண்டி வரும், அறுப்பு நடக்கும், என் வேலை தப்பிக்கும். ஆனால் அந்த மனுஷன் தன் புத்தி தடுமாறிவிட்டது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். தனியாக இருக்கிறவர்களுக்கு அதுதான் பெரிய பயம். எனக்குத் தெரியும், கேஸை அணைத்தேனா என்று நானே இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறவள்.

“பண்ணுனீங்கய்யா. ஒன்பது நாளும் பண்ணியிருக்கீங்க. எல்லாம் போன்ல இருக்கு. உங்க ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல. நான்தான் அங்க இல்ல” என்றேன்.

பட்டனைப் பற்றிச் சொன்னேன். நான் வீட்டுக்குச் சாப்பிடப் போனதைச் சொன்னேன். மிஸ்டு கால் வராமல் இருக்க வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனதையும் சொன்னேன். போன் தானாக எடுக்கும் என்பது அவருக்கு முதலில் புரியவில்லை. ஆள் இல்லாமல் அது எப்படி எடுக்கும் என்று மறுபடி மறுபடி கேட்டார். புரிந்ததும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

திட்டியதெல்லாம் அந்த அம்மாள்தான். “சம்பளம் வாங்குறீங்கல்ல? ஏசி ரூமுல உக்காந்துக்கிட்டு எங்க வயித்துல அடிக்கிறீங்களா?” என்று பிடிபிடியென்று பிடித்தார். என் அறையில் ஏசி கிடையாது. அதைச் சொல்கிற நேரம் அது இல்லை என்பதால் நின்று வாங்கிக்கொண்டேன். உண்மையில் அந்தத் திட்டு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. மூச்சு வாங்க நிறுத்தியவர், தன் உளுந்து வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வயலின் ஓரமாக இறங்கி நடந்து, காலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

“வண்டி இந்தக் கோட்ட விட்டு உள்ள வரக் கூடாது. வரப்ப ஒட்டியே போவணும், ஒட்டியே வரணும். டிரைவருகிட்ட சொல்லிடுங்க. ஓரத்து உளுந்து போனா போவுது. அந்த அக்கா எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கு.”

நாலு மணி வாக்கில் வண்டி வந்தது. அந்த அம்மாளே கையைக் காட்டிக் காட்டி, வரப்போரமாக அதை உள்ளே கொண்டுபோனார். பெல்ட் போன தடத்தில் உளுந்துச் செடிகள் மண்ணோடு மண்ணாக அழுந்திக் கிடந்தன. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி உள்வயலில் இறங்கிக் கதிரை வாரத் தொடங்கியதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

நானும் பெரியவரும் வரப்பில் சற்றுத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். வண்டி எதிர்ப்பக்கம் போய்ச் சத்தம் குறைந்தபோது, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“அப்ப நான் சொன்னது எதுவுமே நீங்க கேக்கலையாம்மா?”

“இன்னைக்குக் கடைசியாப் பேசுனது மட்டும் கேட்டேன்யா.”

“நேத்து சொன்னது?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். வரவில்லை. சாவு வீட்டுக்குத் தாமதமாக வந்த உறவுக்காரரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். ஏதாவது செய்து இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்கிற தவிப்பில், “இப்ப சொல்லுங்கய்யா. எவ்வளவு நேரம் ஆனாலும் இருந்து கேக்குறேன்” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். உதடு அசைந்த மாதிரிகூட இருந்தது. பிறகு வயலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“இல்லம்மா. அதெல்லாம் ஒருதரந்தான் சொல்ல வரும். சொல்லியாச்சு.”

இருட்டுவதற்குள் ஒன்பது மாவும் முடிந்துவிட்டது. மூட்டைகளைக் கொண்டுபோய் ஊர்க் களத்துக் கொட்டகையில் சேர்த்தார்கள். மறுநாள் விடிகாலையில் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. நெல் தப்பித்தது. முதலாளியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் காய்ச்சி எடுத்தார், பிறகு விட்டுவிட்டார். இப்போது என் மிஸ்டு கால் கணக்கு மறுபடி ஏறிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால், சாப்பிடப் போனேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

என்னை அறுப்பது நெல் இல்லை. அந்த ஒன்பது நாளும் அதே ஒன்றேகால் மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் தட்டைப் போட்டுக்கொண்டு, நம்மிடம் மனசு விட்டுப் பேச ஒரு ஜீவன் இல்லையே என்று நொந்துகொண்டு, ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி, என் நாற்காலிக்கு எதிரே, ஒரு மனுஷன் தன் மனசை முழுதாகத் திறந்து வைத்திருக்கிறார்.

அடுத்த வருட அறுப்புக்கு அவர் போன் செய்யவில்லை. முழங்கால் வலியோடு பஸ் ஏறி, மாடிப்படி ஏறி, நேரில் வந்தார். ஊர் பேர், ஒன்பது மா, எப்போது அறுக்கலாம் என்று மூன்று விஷயத்தையும் சொன்னார். நான் எழுதுவதை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். ஃபேன் சத்தத்தில் இரண்டு பேரும் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. அவர் ஏதாவது பேசுவார் என்று காத்திருந்தேன். “வர்றேம்மா” என்று எழுந்து போய்விட்டார்.

தன் மனைவியைப் பற்றியோ, தன்னைப் பற்றியோ, பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாத எதையோ ஒரு மனிதர் ஆயுளில் ஒரே ஒரு முறை சொன்னார். அவர் நம்பிச் சொன்ன ஆள் நான். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது, இனி எந்நாளும் தெரியப்போவதில்லை.